இரகசியமாய்க் கேட்ட வாக்கு

முட்டத்துக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு கிடையாது. கரும்பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்க, செம்மண் மேடுகள் அலையை நோக்கிச் சரிந்து நிற்க, வெள்ளையர் காலத்துக் கலங்கரை விளக்கம் இரவெல்லாம் சுழன்று ஒளிவீச, சகல புனிதர்கள் ஆலயத்து மணியோசையில் பொழுது விடிகிற இந்தக் கடற்கரையூரை, ‘அலைகள் ஓய்வதில்லை’ படம் பிடிக்கப்பட்ட இடம் என்று அறிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்; ராஷ்டிரபதி பவனத்துக்கு யார் குடிபோவது என்ற விவகாரத்தில் இதற்கும் ஒரு பாத்தியதை இருந்தது என்று நினைப்பவர் அபூர்வம். நம் அரசியல் சாசனப்படி ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களே ஆகையால், கட்டுமரம் தள்ளிப் பிழைக்கும் பிரஜைக்கும் கல்லூரியில் பாடம் சொல்லும் பிரஜைக்கும் அதில் நேரடியான பங்கு இல்லை. ஆனால் 1969ஆம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில், இவ்வூர் அடங்கிய நாகர்கோவில் தொகுதியின் பிரதிநிதியாக வாக்குச் சீட்டைக் கையில் வாங்கும் உரிமை படைத்திருந்தவர் காமராஜ். அந்த ஒரு சீட்டின் மதிப்பு 576. அதைவிட முக்கியம், போட்டியிட்டவர்களில் ஒருவரைப் பொறுக்கி எடுத்துக் களத்தில் நிறுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

பழமைப்பற்று மிகுந்த வாக்காளரிடம் போய், ‘உங்கள் அபேட்சகரை விட்டு எங்கள் அபேட்சகருக்குப் போடுங்கள்’ என்று கேட்பது எப்படி என்ற பிரச்னை, அமெரிக்காவில் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கட்சிகளின் முன்தேர்தல் நடக்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதிக்கப்படுகிறது. அதே பிரச்னை நம் தேசத்தில் ஒரு முறை மகா உக்கிரமாக எழுந்து, ஒரு பெரிய கட்சியை இரண்டாகப் பிளந்துவிட்டுப் போயிற்று என்பதை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். அதைச் சொல்வதற்கு டெல்லியிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் முட்டத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். காரணம், டெல்லியில் நடந்த நாடகத்தின் முதல் அங்கம் இந்தக் கரையில்தான் ஏழு மாதத்துக்கு முன்பு நடந்து முடிந்திருந்தது.

1967 பொதுத் தேர்தலில் தம் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றுப்போன காமராஜ், பார்லிமெண்டிலும் இல்லாமல் சட்டசபையிலும் இல்லாமல் இருந்த நிலையில், மார்ஷல் நேசமணியின் மரணத்தால் காலியான நாகர்கோவில் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைவதற்காகப் போராடிய நேசமணியின் ஆசனத்தில், விருதுநகர்க்காரர் ஒருவர் வந்து அமர்வதற்கு இம்மாவட்டத்து ஜனங்கள் சம்மதிப்பார்களா என்பதே கேள்வி. எதிரே நின்றவர் டாக்டர் மத்தியாஸ். சுதந்திராக் கட்சியின் அபேட்சகர். ஆளுங்கட்சியான தி.மு.க. அவருக்குத் தன் முழு பலத்தையும் கொடுத்தது. ஆக, ராஜாஜியின் நட்சத்திரச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டுக் கறுப்பு சிவப்புக் கொடிகள் ஊர் ஊராகச் சென்றன. ஏர் பூட்ட வயலில்லாத கடற்கரைக் கிராமங்களில் காங்கிரஸின் இரட்டைக் காளைக்கு ஓட்டு விழுவது எனக்கு எப்போதுமே ஒரு வேடிக்கையாகத் தோன்றும். அந்த ஜனவரியில் அது அளவு கடந்து விழுந்தது. காமராஜ் 1,28,201 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இந்த வெற்றியின் பொருள் என்ன? சுதந்திராக் கட்சி வேண்டாம் என்று இத்தொகுதி ஜனங்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள் என்றே காங்கிரஸார் எடுத்துக்கொண்டார்கள்; அப்படி எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையும் உண்டு. 1959இல் ராஜாஜி அந்தக் கட்சியைத் தோற்றுவித்தபோது, காங்கிரஸின் கூட்டுப் பண்ணை விவசாயத் திட்டத்தையும், பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம் என்று அவர் பெயர் சூட்டிய நிர்வாக முறையையும் எதிர்ப்பதையே பிரதான லட்சியமாக வைத்தார். நிலமும் தொழிலும் உடையவர்கள், பழைய சமஸ்தானாதிபதிகள், சர்க்காரின் கை தங்கள் வீட்டுக் கல்லாப்பெட்டி வரையில் நீளுவதை விரும்பாத மத்தியதர வர்க்கத்தினர் ஆகியோர் அதில் சேர்ந்தார்கள். 1967இல் லோக்சபையில் 44 ஆசனங்களைப் பெற்று, காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியாக அது வளர்ந்திருந்தது. பழமைப்பற்று என்ற சொல்லை வசவாக நான் இங்கே பயன்படுத்தவில்லை. இருப்பதை இடிக்கும் முன் யோசி என்று சொல்கிறவர்கள் எந்தச் சமுதாயத்திலும் இருக்க வேண்டியவர்கள்.

1969 மே 3ஆம் தேதி ஜனாதிபதி ஜாகீர் உசேன் காலமானார். உபஜனாதிபதி வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டில், பிரதமர் இந்திரா காந்தி ஜெகஜீவன் ராமின் பெயரை முன்வைக்க, காமராஜ், மொரார்ஜி தேசாய், எஸ்.கே. பாட்டீல், சவாண் ஆகியோர் லோக்சபை சபாநாயகராயிருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியை ஆதரித்தார்கள். பெரும்பான்மை முடிவுப்படி ரெட்டியே கட்சியின் அபேட்சகரானார். அவருடைய மனுவில் இந்திரா காந்தியும் முன்மொழிந்து கையெழுத்திட்டார். இதற்குப் பிறகு நடந்தவை மின்னல் வேகத்தில் நடந்தன. மொரார்ஜியிடமிருந்து நிதி இலாகா பறிக்கப்பட்டது. ஜூலை 19ஆம் தேதி 14 பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. மறுநாள் கிரி தம் பதவியை ராஜிநாமாச் செய்து சுயேச்சை அபேட்சகராகக் களத்தில் குதித்தார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும், ரிசர்வ் வங்கியின் முதல் இந்தியக் கவர்னராகவும் பிறகு நேருவின் நிதி மந்திரியாகவும் இருந்த சி.டி. தேஷ்முக்கைத் தங்கள் அபேட்சகராக நிறுத்தின.

கிரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தொழிற்சங்கத் தலைவர், இடதுசாரிகளின் செல்வர் என்று பழமைவாதிகள் அஞ்சிய அதே கிரி, 1937இல் சென்னை ராஜதானியில் ராஜாஜி அமைத்த மந்திரிசபையில் தொழிலாளர் மந்திரியாக இருந்தவர். முப்பது வருஷத்தில் மனிதர்கள் எங்கெங்கோ போய் நிற்கிறார்கள்.

இத்தேர்தலின் முறையைப் புரிந்துகொள்ளாமல் மேலே போவதில் பயனில்லை. வாக்களிப்பவர் ஒரே ஒரு பெயருக்குக் குறியிட்டுவிட்டுப் போவதில்லை. தமக்கு முதல் விருப்பம் யார், இரண்டாவது விருப்பம் யார் என்று வரிசைப்படுத்தி எண்ணிடுகிறார். செல்லுபடியான வாக்குகளின் மதிப்பில் பாதிக்கு மேல் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பெற்றுவிட்டால் விவகாரம் தீர்ந்தது. இல்லையேல், கடைசியில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் அடுத்த விருப்பமாக யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டே போவார்கள். முதல் பந்தியில் இடமில்லாதவன் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பது போலத்தான். இலை மீதமிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

பழமைவாதக் கட்சிகளின் அபேட்சகரான தேஷ்முக் ஜெயிக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு விழும் சீட்டுகளில் இரண்டாவது எண் யாருக்கு என்பதில்தான் தேசத்தின் கவனமெல்லாம் குவிந்தது. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா சுதந்திராக் கட்சி, ஜனசங்கம் ஆகியவற்றின் தலைவர்களைச் சந்தித்து, அவர்களுடைய இரண்டாவது விருப்ப வாக்குகளை ரெட்டிக்கு அளிக்குமாறு வேண்டினார். இந்தச் சந்திப்பு வெளியே தெரிந்ததும் ஜெகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும், முற்போக்குக் கொள்கைகளுக்கு விரோதமான கட்சிகளோடு காங்கிரஸ் தலைவருக்கு என்ன ரகசிய உடன்பாடு என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ரெட்டியை ஜனாதிபதியாக்கி, அவர் மூலம் பிரதமரையே நீக்கிவிடச் சதி நடக்கிறது என்ற சந்தேகம் காட்டுத்தீ போல் பரவிற்று. ரெட்டிக்கே வாக்களிக்கும்படி கட்சி அங்கத்தினர்களுக்கு உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கையை இந்திரா காந்தி நிராகரித்து, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தார்.

எதிராளியிடம் வாக்குக் கேட்பது பாவமா? ஒருக்காலும் இல்லை. கிரிக்காகக் கம்யூனிஸ்டுகளிடமும், தி.மு.க.விடமும், அகாலிகளிடமும் ஆதரவு திரட்டியவர்கள் அதைப் பெருமையோடுதான் செய்தார்கள்; அதை யாரும் சதி என்று சொல்லவில்லை. ஒரே காரியம் ஒரு பக்கத்தில் ராஜதந்திரமாகவும் மறு பக்கத்தில் துரோகமாகவும் தோன்றுவானேன்? என் கருத்தில், வித்தியாசம் கேட்டதில் இல்லை, கேட்ட விதத்தில்தான் இருந்தது. ஜனவரி மாதத்தில், முட்டத்திலும் குளச்சலிலும் தக்கலையிலும் சுதந்திராக் கட்சியைத் தோற்கடியுங்கள் என்று ஜனங்களிடம் கேட்டு, அவர்கள் அதை லட்சத்துச் சொச்சம் வித்தியாசத்தில் நிறைவேற்றிக் கொடுத்த பிறகு, ஆகஸ்டு மாதத்தில் அதே கட்சியின் வாசலில் போய் நிற்கிறவர்கள், இன்ன காரணத்துக்காக நிற்கிறோம் என்று அந்த ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வங்கிகளைத் தேசியமயமாக்கிய அவசரத்தைக் கண்டு அஞ்சும் பழமைவாதிகளை நோக்கி, ‘இந்த வேகத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டுமென்று நீங்கள் கருதினால், உங்கள் கொள்கைக்கு அழகான ஒரு பெரிய மனிதரை நிறுத்தி வாக்கை வீணாக்காதீர்கள்; ரெட்டிக்கு முதல் விருப்பத்தையே கொடுங்கள்; அதற்குப் பதிலாக நாங்கள் தருவது இது, தர முடியாதது இது’ என்று மைதானத்தில் நின்று சொல்லியிருந்தால், பழியும் குறைந்திருக்கும், பலனும் கூடியிருக்கும். அப்படிச் சொல்லாமல் மறைவில் கேட்டபடியால், எதிர்த் தரப்பு அதற்கு வேண்டிய பெயரைச் சூட்டிக்கொள்ள இடமேற்பட்டது. இரண்டாவது விருப்பம் என்பது வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவனுக்குக் கிடைக்கும் கூலி.

இது வெறும் தர்க்கம் அல்ல என்பதற்குக் கணக்கே சாட்சி சொல்கிறது. ஆகஸ்டு 16ஆம் தேதி வாக்குப்பதிவு. 20ஆம் தேதி எண்ணிக்கை. மொத்தச் செல்லுபடி வாக்குமதிப்பு 8,36,337. ஜெயிப்பதற்கு வேண்டியது 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769, மீதி உதிரி அபேட்சகர்களுக்குச் சேர்ந்தது 8,505. இப்போது ரெட்டியின் எண்ணோடு தேஷ்முக்கின் எண்ணைக் கூட்டிப் பாருங்கள்: 4,26,317 வருகிறது. அதாவது, பழமைவாதக் கட்சிகள் முதல் விருப்பத்தையே ரெட்டிக்கு வழங்கியிருந்து, தேஷ்முக்கை ஆதரித்த ஒவ்வொருவரும் அதன்படி நடந்திருந்தால், முதல் எண்ணிக்கையிலேயே ரெட்டி 8,148 உபரியோடு ஜனாதிபதியாகியிருப்பார். அவர்கள் இரண்டாவது விருப்பத்தைச் சிந்தாமல் சிதறாமல் அவருக்கே போட்டிருந்தாலும் கடைசியில் அதே பலன்தான்.

ஆனால் சிதறிற்று. கீழிருந்தவர்களை எல்லாம் நீக்கி விருப்பங்களை மாற்றி முடித்தபோது கிரிக்கு 18,562 கூடி 4,20,077 ஆயிற்று. ரெட்டிக்கு 91,879 கூடி 4,05,427இல் நின்றுவிட்டது. 10,833 மதிப்புள்ள சீட்டுகளில் இருவர் பெயருக்கும் அடுத்த விருப்பமே குறிக்கப்படவில்லை. அவை கணக்கிலிருந்தே கழிந்தன. உதிரிகளின் வாக்கு முழுவதும் கிரிக்கே போனதாக வைத்துக்கொண்டாலும், தேஷ்முக்குக்குப் போட்டவர்களில் 10,000 மதிப்புக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாவதாகக் கிரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது நிச்சயம். கட்சி சொன்னதைக் கேட்டு முதல் எண்ணை இட்ட கை, இரண்டாவது எண்ணை இடும்போது தன் இஷ்டப்படி போயிருக்கிறது. ரெட்டிக்குக் குறைந்தது 12,742; பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் என்று கணக்கிட்டால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று பேர். முதல் விருப்பத்துக்குக் கட்சித் தலைமை ஜவாப்தாரி. இரண்டாவது விருப்பத்துக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை என்ற மனித சுபாவத்தை நிஜலிங்கப்பாவைப் போன்ற பழுத்த அரசியல்வாதிகள் எப்படி உணராமல் போனார்கள் என்பது ஆச்சரியமே.

இதில் தமிழ்நாட்டின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் சுதந்திராக் கட்சியின் நட்சத்திரத்துக்காக நாகர்கோவிலில் உழைத்த தி.மு.க., அண்ணாதுரை மறைந்து கருணாநிதி முதல்வரான பிறகு வந்த இந்தத் தேர்தலில் கிரியை ஆதரித்தது. 1967இல் அக்கட்சி லோக்சபையில் பெற்ற 25 ஆசனங்களை மட்டும் 576ஆல் பெருக்கினால் 14,400. கிரிக்கும் ரெட்டிக்கும் இடையிலிருந்த கடைசி வித்தியாசமோ 14,650. சட்டசபை அங்கத்தினர்களைச் சேர்த்தால் தராசு எங்கே சாய்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். நாகர்கோவிலில் எதிரெதிராக நின்றவர்கள் அனைவரும் ஏழே மாதத்தில் இடம் மாறி நின்றார்கள். அவர்களில் இடமாற்றத்தை ஒளிக்காமல் செய்தவர்கள் தி.மு.க.வினர் என்பதை, அக்கட்சியிடம் எனக்குள்ள மனஸ்தாபங்கள் எத்தனையோ இருந்தபோதிலும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அயல்நாட்டு அனுபவமும் இதை ஒட்டியே போகிறது. அமெரிக்காவில் 1964இல் குடியரசுக் கட்சியின் முன்தேர்தலின்போது, மிதவாதியான ராக்பெல்லரை விட்டுப் பழமைவாதியான கோல்ட்வாட்டரை ஆதரிக்கும்படி பிலிஸ் ஷ்லாப்லி என்ற பெண்மணி ஒரு சிறு புத்தகம் எழுதி லட்சக்கணக்கில் பரப்பினார். ஒளிவு மறைவு கிடையாது. இன்னார் வேண்டும், இன்ன காரணத்தால் வேண்டும் என்று எழுதினார். கலிபோர்னியாவில் கோல்ட்வாட்டர் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்துக் கட்சியின் அபேட்சகரானார்; நவம்பரில் ஜான்ஸனிடம் படுதோல்வி அடைந்தார் என்பது வேறு கதை. இதற்கு மாறாக, 2016 ஜனவரியில் அந்நாட்டுப் பழமைவாதிகளின் பழம்பெரும் பத்திரிகையான ‘நேஷனல் ரிவ்யூ’ 22 பேரை எழுதச் செய்து, டிரம்ப் வேண்டாம் என்று ஒரு தனி இதழே வெளியிட்டது. யார் வேண்டாம் என்பது தெளிவாக இருந்தது. யார் வேண்டும் என்பதை, டெட் குரூஸ் என்று பத்திரிகை வாய் திறந்து சொன்னது மார்ச்சு மாதத்தில். அதற்குள் பல ராஜ்யங்களில் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது. நமக்கு எதிர்க்கரையிலுள்ள இலங்கையில், இரண்டாவது மூன்றாவது விருப்பங்களைக் குறிக்கும் முறை நெடுங்காலமாக இருந்தும், அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் 2024 செப்டம்பர் தேர்தலில்தான் முதல் தடவையாக ஏற்பட்டது; முதல் எண்ணிக்கையில் முந்திய அனுர குமார திசாநாயக்கவே முடிவிலும் முந்தினார்.

காமராஜுக்கு நேர்ந்த நஷ்டம் வாக்குக் கணக்கில் அடங்காதது. அவர் முதல் மந்திரியாக இருந்தபோதுதான், 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிசப் பாணியிலான சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்து, பசித்து வந்த பிள்ளைக்குச் சோறு போட்டவரை, பணக்காரர்களின் கையாள் என்று சொல்லும் துணிவு அதுவரையில் அவருடைய பரம விரோதிகளுக்கும் இருந்ததில்லை. காங்கிரஸின் மூத்த தலைவர்கள் குழுவுக்கு வழங்கிய சிண்டிகேட் என்ற பட்டப்பெயரோடு பிற்போக்குவாதி என்ற முத்திரையும் 1969 ஆகஸ்டில் அவர்மேல் விழுந்தது. அந்த வேண்டுகோளை அவர் நேரில் போய் விடுக்கவில்லை என்ற உண்மை அவரைக் காப்பாற்றவில்லை. நவம்பரில் காங்கிரஸ் பிளந்தது. ஆவடிக்காரர் ஒரு பக்கத்திலும், சோஷலிசம் என்ற சொல் மறு பக்கத்திலும் போய்ச் சேர்ந்தன.

பிறகு 1971 வந்தது. இந்தத் தடவை ஒளிவு இல்லை. 1954இல் ராஜாஜி விலகக் காமராஜ் முதல் மந்திரியானது தொட்டு ஒருவரையொருவர் தாக்கியே பேசிவந்த இருவரும், பிளவில் காமராஜ் நின்ற பக்கமான ஸ்தாபன காங்கிரஸும் சுதந்திராக் கட்சியும் கூட்டு என்று அறிவித்து, ஒரே மேடையில் ஏறி ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். தமிழ்நாடு முழுவதும் அந்தக் கூட்டைத் தூக்கியெறிந்தது. ஸ்தாபன காங்கிரஸுக்கு லோக்சபையில் தமிழ்நாட்டிலிருந்து கிடைத்த ஆசனம் ஒன்றே ஒன்று, அது நாகர்கோவில். இரட்டைக் காளை போய் ராட்டை சுற்றும் பெண் சின்னமாக வந்திருந்ததையோ, இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்த்து நின்ற நட்சத்திரக் கட்சி இப்போது கூட நிற்பதையோ இத்தொகுதியார் பொருட்படுத்தவில்லை. தாங்கள் நம்பிய மனிதர் பகிரங்கமாக வந்து கேட்டார், கொடுத்தார்கள். டெல்லியில் 1969இல் அகப்படாமல் போன பழமைவாதிகளின் வாக்கு, இங்கே பாறைக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த வாக்குச்சாவடிகளில் அவருடைய பெட்டியில் தயக்கமின்றி விழுந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

காமராஜ் 1975 அக்டோபர் 2ஆம் தேதி கண் மூடினார். அதற்கு முன்பே, 1974இல், சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்திருந்தது. 1977இல் ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், லோக் தளம், சோஷலிஸ்டுகள் எல்லோரும் ஜனதா என்ற ஒரே கூரையின் கீழ் வந்து ஆட்சியைப் பிடித்தார்கள். பெங்களூரில் ரெட்டிக்காகக் கைதூக்கிய மொரார்ஜி பிரதமரானார். நாகர்கோவிலில் குமரி அனந்தன் ஜெயித்தார். அவ்வருஷம் ஜூலையில் ஜனாதிபதி பதவிக்கு வந்த 37 மனுக்களில் 36 தள்ளுபடியாக, மிஞ்சிய ஒரே அபேட்சகர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. காங்கிரஸும் அவரை எதிர்க்கவில்லை.